ஏழாயிரம் ரூபாய் ஞாபகம்

அன்புள்ள தம்பிக்கு,

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் மேசைக்கு வரும். ஒன்றை நகத்தால் பிளந்து, விதை கருத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்த்து, மோந்துவிட்டு, மறு நொடியே விலையைத் தட்டுவார்கள். பல வருஷப் பழக்கம் அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது. விலை சரியா தப்பா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும் தொழில் அது. அங்கே மனத்தின் குறுக்குவழி நன்றாகவே கைகொடுக்கிறது.

காயை வாங்குவது அப்படி. செடியை நடுவது வேறு.

2018 கேரள வெள்ளத்தில் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்கள் அடிபட்டன. அடுத்த கோடை மழையும் ஏமாற்றியது. வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஒரு நாள், ஒரு லாட்டுக்குக் கிடைத்த விலைதான். ஆனாலும் மனத்தில் ஒட்டிக்கொண்டது அந்த எண். ஏலச்செடி காய்ப்புக்கு வர மூன்றாம் வருஷம் ஆகும். அந்த விலையை நம்பி நட்டவர்கள் காய் பறித்த 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு எண் இப்படி மனத்தில் ஒட்டிக்கொண்டு நம் மதிப்பீட்டை இழுப்பதைத்தான் 1974-ல் விளக்கினார்கள். 10 அல்லது 65-ல் மட்டுமே நிற்கும்படி செய்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்றும் அதே இருவர் 1979-ல் எழுதினார்கள். 7,000-ஐ மனத்தில் வைத்திருப்பவருக்கு 3,000 ரூபாயும் நஷ்டமாகவே தெரியும். அடக்க விலையைக் கூட்டிப் பார்த்தால் அது லாபமாகவும் இருக்கலாம். விற்க மனசு வராமல் காயைப் பூட்டி வைக்கிறவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதே. அவரைப் பிடித்திருப்பது பயம்.

கைமுடையும் புத்தியை அழுத்தும். செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கையில் காசில்லாத நாட்களில் அதே மனிதர்கள் புதிர்களில் தடுமாறினார்கள். அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும் மாதத்தில் தோட்டத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பவரின் நிலை இதுதான்.

இந்த விடுமுறையில் அப்பா நாற்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார். பத்து வருஷச் சராசரி விலையை வரிசையாக எழுது. எதிரில் உரம், மருந்து, ஜீப் வாடகை, பறிப்புக் கூலி. கடைசி வரியில் செடி காய்க்கப்போகும் வருஷம். அதற்கு நேரே விலைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, அப்பாவிடம் நோட்டைக் கொடு.

அன்புடன்,
அண்ணன்