உறுப்பின்மேல் எழுதிய பெயர்: கார்ட்டரின் மருத்துவப் படங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மருத்துவ வரலாற்றுத் தொகுப்புகளில் காணப்படும் படங்கள் பெரும்பாலும் நூல்களின் துணையுறுப்புகளாகவே மதிக்கப்படுகின்றன. நூலாசிரியர் பெயர், பதிப்பித்த ஆண்டு, இடம் ஆகியவை பட்டியலில் தவறாமல் இடம்பெறும். படத்தை வரைந்தவர், அச்சுக்காகச் செதுக்கியவர், படத்திற்கு மூலமாய் அமைந்த உடல் ஆகிய செய்திகள் பலவேளைகளில் விடுபட்டுப்போகும். இவ்விடுபாடு பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை. அறிவை ஆக்கியவர் எவர் என்னும் கேள்விக்கு அது குறைபட்ட விடையைத் தந்து, அவ்விடையே வரலாறாக நிலைத்துவிட வழிசெய்கிறது.

என்றி வாண்டைக் கார்ட்டர் (1831-1897) வரைந்த படங்கள் இதற்குத் தக்க சான்றாகும். இலண்டனில் கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்த அவர், பின்னர் பம்பாயில் பணியாற்றி, மதுரையின் பெயரால் வழங்கிய நோய் ஒன்றை ஆராய்ந்தார். கிரேயின் நூல் யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவக் கல்வியின்பொருட்டுத் தமிழாக்கம் பெற்றது. இவ்விரு வழிகளிலும் கார்ட்டரின் பணி தமிழரோடு தொடர்புறுகிறது. உறுப்பின் பெயர், நூல்முகப்பின் பெயர், மொழிபெயர்ப்பில் மாறிய பெயர், நோயின் பெயர் என்னும் நான்கு நிலைகளில் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

உறுப்பின் பெயர்

ஐரோப்பிய உடற்கூற்றுப் படங்களின் வரலாற்றில் 1543ஆம் ஆண்டு பேசல் நகரில் ஒப்போரினுஸ் அச்சிட்ட வெசாலியுஸின் பெருநூல் ஒரு திருப்பம். அதன் மரச்செதுக்குப் படங்களில் உறுப்புகள்தோறும் சிறு எழுத்துகள் இடப்பட்டன. அவற்றின் விளக்கம் தனியே தரப்பட்டது. கற்பவர் படத்தில் எழுத்தைக் கண்டு, விளக்கத்தில் அதற்குரிய பெயரைத் தேடி, மீண்டும் படத்திற்கு வரவேண்டும். இம்முறை பிற்காலப் பாடநூல்கள் பலவற்றிலும் தொடர்ந்தது.

1858இல் இலண்டனில் பார்க்கர் பதிப்பகம் வெளியிட்ட கிரேயின் நூல் இம்மரபிலிருந்து விலகியது. அதன் 363 படங்களில் பெரும்பாலானவற்றில் தசை, தமனி, நரம்பு, எலும்பு ஆகியவற்றின் பெயர்கள் அவ்வவ்வுறுப்பின்மேலேயே எழுதப்பட்டன. தசை செல்லும் திசையிலேயே பெயரும் செல்லும். தமனி வளையுமிடத்தில் எழுத்தும் வளையும். உறுப்பும் பெயரும் ஒரே பார்வையில் மனத்தில் பதிந்தன. தேர்வுக்குப் பயிலும் மாணவருக்கு இது பெரும் உதவியாயிற்று. நூலின் நிலைபேற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

இம்முறைக்கு அச்சுத்தொழில்நுட்பமும் துணைநின்றது. செப்புத்தகட்டில் கீறிய கோடுகள் பள்ளத்தில் மை ஏற்பன. அவற்றை எழுத்துப் பக்கத்தினின்று வேறாகத் தனிப்பொறியில் அச்சிடவேண்டும். கிரேயின் நூற்படங்களோ கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கப்பட்டவை. இவ்வகைக் கட்டையில் கோடுகள் மேடாக நிற்கும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்தோடு ஒத்திருப்பதால், படமும் உரையும் ஒரே பக்கத்தில் ஒருங்கே அச்சாகும். கோடுகளைச் செதுக்கும் பணியைப் பட்டர்வொர்த்-ஹீத் நிறுவனத்தார் மேற்கொண்டனர். கார்ட்டரின் கைவண்ணமாக இன்று அறியப்படுவது ஓவியரின் கோடும் செதுக்குநரின் உளியும் கூடி உருவாக்கியதேயாகும்.

நூல்முகப்பின் பெயர்

நூலின் முகப்புப் பக்கம் கிரேயை ஆசிரியராகவும் கார்ட்டரைப் படம் வரைந்தவராகவும் குறிப்பிடுகிறது. உடற்கூறாய்வுகள் இருவரும் சேர்ந்து செய்தவை என்றும் கூறுகிறது. ஆயினும் அம்முகப்பின் மெய்ப்பு வேறொரு செய்தியைத் தருகிறது. கார்ட்டரின் பெயர் தம் பெயருக்கு இணையான அளவில் அமைந்திருந்ததைக் கிரே சிறிதாக்கச் செய்தார். கார்ட்டர் பம்பாயில் புதிதாகப் பெற்ற பேராசிரியர் பதவியைக் குறிக்கும் தொடரையும் நீக்கினார். ஊதியத்திலும் இதே வேறுபாடு உண்டு. விற்பனைக்கேற்பத் தொடர்ந்து பணம் பெறும் உரிமை கிரேக்கு அமைந்தது. கார்ட்டர் ஒரு தொகையோடு நின்றார். கிரே 1861இல் பெரியம்மையால் 34ஆம் வயதில் மறைந்தபோதும் நூல் அவர் பெயராலேயே பதிப்புதோறும் வளர்ந்தது. இலண்டன் வெல்கம் தொகுப்பில் உள்ள கார்ட்டரின் நாட்குறிப்புகள் இக்கூட்டுப்பணியின் மறுபக்கத்தை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளாகும்.

முகப்பில் சிறிய எழுத்திலும் இடம்பெறாதோர் உண்டு. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோருவாரற்ற உடல்களை மருத்துவப் பள்ளிகள் பெறுவதற்கு வழிவகுத்தது. ஏழையர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இறந்த வறியோரின் உடல்களே இவ்வாறு மிகுதியும் கிடைத்தன. படத்தில் ஒவ்வொரு நரம்பும் தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நரம்புக்குரிய மனிதர் பெயரற்றவராகிறார். உறுப்பின்மேல் பெயர் எழுதும் முறை கற்பித்தலுக்கு எவ்வளவு பயன்பட்டதோ, அவ்வளவுக்கு இம்முரணை வெளிப்படையாகவும் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பில் மாறிய பெயர்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822-1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1860களில் அக்கல்வி தமிழ்வழிக்கு மாறியது. அதற்கு வேண்டிய பாடநூல்கள் அவராலும் அவருடைய தமிழ் மாணவர்களாலும் மொழிபெயர்க்கப்பட்டன. கிரேயின் நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது.

ஆங்கில நூலில் பெயரும் படமும் பிரிக்கவியலாதபடி இணைந்திருந்தன. அத்தகைய நூலைத் தமிழாக்குவோர்க்கு உரையைப் பெயர்ப்பது மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்புக்கும் சுருங்கிய, நிலையான, பிறிதோர் உறுப்போடு மயங்காத பெயர் ஒன்று வேண்டும். உரைநடையில் ஒரு சொல்லுக்கு மாற்றாக விளக்கத்தொடர் எழுதலாம். ஒரு நரம்பின் பெயராக விளக்கத்தொடர் நிற்காது. இக்கட்டாயமே கலைச்சொல்லாக்கத்தைத் தனிப்பணியாக்கியது.

கிரீன் வகுத்துக்கொண்ட நெறி படிநிலையுடையது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல், அது கிட்டாதவிடத்து வடமொழியை நாடுதல், இரண்டும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கேற்ப எழுதுதல் என்பன அப்படிகள். மானிப்பாய் நூல்களின் தலைப்புகளே இவ்வகைகளை உணர்த்துகின்றன. 1867இல் வந்த ‘இரண வைத்தியம்’ நாட்டு மருத்துவர் வழங்கிவந்த பெயரைத் தாங்கியது; ‘மனுஷ அங்காதிபாதம்’ வடசொற்களால் அமைந்தது; 1875இல் வந்த ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லின் தமிழ்வடிவம்.

இங்கும் முகப்புப் பெயர் பற்றிய கேள்வி எழுகிறது. இந்நூல் வரிசை முழுவதும் கிரீனின் பெயராலேயே பேசப்படுகிறது. அவர்தம் முயற்சியும் மேற்பார்வையும் ஐயத்திற்கு இடமற்றவை. எனினும் சொல்லைத் தேர்ந்து தொடரை அமைத்த மாணவர்களின் பங்கு நூல்வாரியாகப் பிரித்தறியப்படுதல் வேண்டும். கிரேயின் நிழலில் கார்ட்டர் நின்றதுபோல், கிரீனின் நிழலில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் நிற்கின்றனர்.

நோயின் பெயர்

1858இல் பம்பாய் சேர்ந்த கார்ட்டர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். அங்கு அவர் கவனத்தை ஈர்த்த நோய்களுள் ஒன்று, பாதம் வீங்கி, புரையோடி, துளைகள்வழியே மணிமணியாகப் பொருள் வெளியேறும் நோயாகும். 1842இல் கில் என்பவர் மதுரையிலிருந்து இதனைப் பற்றி எழுதினார். 1846இல் கோல்புரூக் இதனை ‘மதுரைப் பாதம்’ என்று குறித்தார். இதற்குப் பூஞ்சையே காரணம் என்னும் கருத்தைக் கார்ட்டர் 1860களின் தொடக்கத்தில் முன்வைத்து, ‘மைசெட்டோமா’ என்னும் பெயரை வழங்கினார். 1874இல் படங்களோடு கூடிய தனிநூலையும் வெளியிட்டார். இம்முறை படத்திற்கும் உரைக்கும் ஆசிரியர் ஒருவரே. முகப்பில் அவர் பெயர் சிறுத்துப்போகவில்லை.

பெயர் மாற்றத்தால் நோயின் அறிவு ஊரிலிருந்து காரணத்திற்கு நகர்ந்தது. எனினும் இரு பெயர்களுமே முழுமையானவை அல்ல. முதற்பெயர், பல நாடுகளில் காணப்படும் நோயை ஓர் ஊரோடு பிணைத்தது. பூஞ்சையைச் சுட்டும் இரண்டாம் பெயரோ, நுண்ணுயிரிகளாலும் இந்நோய் உண்டாகும் என்று பின்னர் அறியப்பட்டபோது இருவகைக்கும் பொதுப்பெயராயிற்று. முள் குத்திய காலின் புண்வழியே நோய்க்காரணி உட்புகுவதால், காலணியின்றி வயலில் உழைப்போரையே இது மிகுதியும் பற்றுகிறது. 2016இல்தான் உலக நலவாழ்வு நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஊரும் பூஞ்சையும் பெயரில் இடம்பெற்றன. காலணியற்ற உழவர் எப்பெயரிலும் இடம்பெறவில்லை.

முடிவுரை

கார்ட்டரின் படங்கள் உடலைக் காட்டுவனவாக மட்டும் கொள்ளத்தக்கவை அல்ல. எவர் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டது என்பதற்கும் அவை ஆவணங்களாகும். இலண்டனில் ஓவியர், மானிப்பாயில் மொழிபெயர்ப்பாளர், கூறாய்வு மேசையில் வறியோர், வயலில் உழவர் எனப் பெயர் குறைந்தோரும் பெயரற்றோரும் ஒவ்வொரு நிலையிலும் உள்ளனர்.

ஆகவே மருத்துவ நூல்களுக்கான பட்டியல்களில் நூலாசிரியரோடு வரைந்தவர், செதுக்கியவர், அச்சுமுறை, மொழிபெயர்ப்பாளர், படத்தின் மூலநூல் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் மருத்துவ நூல்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அந்நூல்களின் முன்னுரைகளும் முகப்புகளும் சொல்லடைவுகளும் ஒப்பிட்டு ஆராயப்படுமாயின், தமிழ்க் கலைச்சொல் வரலாற்றில் ஒருவர் பெயரில் அடங்கிப்போன பலருடைய உழைப்பு உரியவர் பெயரில் பதிவாகும்.