டிராக் கார்: முதலில் உயரம், அப்புறம்தான் ஷாக்

டிராக் பந்தயத்தின் வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அனுபவசாலிகள் நேரச் சீட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது 60 அடி நேரத்தை, அதாவது முதல் 60 அடியைக் கடக்க ஆன நேரத்தை. புறப்பாடு சொதப்பினால் மிச்சத் தூரத்தில் அதை ஈடுகட்டுவது கடினம். அந்தப் புறப்பாட்டைச் சரிசெய்ய விலை உயர்ந்த ஷாக் வாங்குகிறவர்கள் பலர். டேப்பை எடுத்து காரின் முன்பக்க உயரத்தை அளப்பவர்கள் குறைவு.

அமெரிக்கத் தடங்களில் இன்றும் ஓடும் 1967-69 கமேரோவை எடுத்துக்கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே 274 செ.மீ. எடை 1450 கிலோ, ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்தில், புறப்பாட்டு முடுக்கம் 1.5 ஜி என்று வைத்தால், முன்னிருந்து பின் டயருக்கு மாறும் பாரம் ஏறக்குறைய 400 கிலோ. மையத்தை 2.5 செ.மீ. உயர்த்தினால் கூடுவது 20 கிலோதான். டயர்களுக்குப் பிடிப்பு போதாத 1960களில் ‘கேஸர்’ எனப்பட்ட டிராக் கார்களின் மூக்கைத் தூக்கி வைத்தது இந்தக் கணக்கை நம்பித்தான். இன்றைய பின் டயர்களுக்கு அது வேண்டாம். நிற்கும்போதே மூக்கு எழுந்த கார் வேகத்தில் காற்றை அடியில் வாங்கி நிலை தடுமாறும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் பாரத்தின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. அது எவ்வளவு சீக்கிரம் பின்னால் போகிறது என்பதையே மாற்றும்.

இனி வேலைக்கு வருவோம். சமதளத் தரை வேண்டும். டயர் காற்று பந்தய அளவில், எரிபொருள் ஓடும் அளவில், ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் எடைக்கு மணல் மூட்டை. முன் ஆன்டி-ரோல் பாரின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். காரை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்திவிட்டு, அது தானாக நின்ற பிறகு அளக்கவும்.

மட்கார்டு விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். பழைய பாடியில் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. கீழ் ஆர்ம் சேஸியில் சேரும் போல்ட்டின் நடுவிலிருந்து தரைவரை அளவெடுங்கள். இரு பக்கமும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போகட்டும். கீழ் ஆர்ம் ஏறக்குறைய மட்டமாக நிற்பது நல்ல தொடக்கம். 1951இல் தொடங்கிய அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியையும் கவனியுங்கள்: முன் அச்சுக்கு 12 அங்குலம் பின்வரை தரையிலிருந்து 3 அங்குலம், மற்ற இடங்களில் 2 அங்குலம் இடைவெளி வேண்டும், ஆயில் பேனுக்கும் ஹெடருக்கும் விலக்கு உண்டு.

உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கைக் கேஸ் டார்ச்சில் சூடாக்குவது தவறு, ஆபத்தும்கூட. எஃகின் பதம் போய்விடும். வெட்டினால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். நீளமான, மென்மையான ஸ்பிரிங்கே நமக்கு வேண்டும்: அழுத்தத்தில் நிற்கும் அது, புறப்படும்போது விரிந்து மூக்கை மேலே தள்ளும். கழற்றும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்க வேண்டாம். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகவும் வேண்டாம்.

நிற்கும் உயரத்திலிருந்து சக்கரம் கீழே தொங்க 5 முதல் 10 செ.மீ. இடம் வேண்டும். சக்தி அதிகமான காருக்கு அதைக் குறைத்து, லிமிட்டர் பட்டையால் கட்டுங்கள். மேலே அழுந்தவும் சில செ.மீ. விடுங்கள்.

அடுத்து அலைன்மென்ட். காஸ்டர் 5 டிகிரிக்கு மேல், கேம்பர் பூஜ்ஜியத்தை ஒட்டி, டோ-இன் 1.5 மி.மீ. இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மூக்கை ஜாக்கில் 5 செ.மீ. தூக்கி டோவை மறுபடி பாருங்கள். கார் முழு முடுக்கத்தில் ஓடுவது அந்த எழுந்த நிலையில்தான். அங்கே டோ-அவுட் ஆனால் ஸ்டீயரிங் அலைபாயும். டை-ராடின் கோணத்தைத் திருத்தியே தீரவேண்டும்.

ஷாக் கடைசியில். முன் சக்கர உயரத்தில் போனை வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். மூக்கு சோம்பலாக எழுந்து பின் டயர் வழுக்கினால், ஷாக் விரிவதைத் தளர்த்துங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இறுக்குங்கள்; அந்தப் படம் அழகாக இருக்கும், நேரம்தான் வீண். எழுந்த மூக்கு தொப்பென்று விழுந்தால் அழுந்துவதை இறுக்குங்கள்.

ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஷாக் திருகில் இரண்டு கிளிக்தான். உயரம், டோ, கிளிக், 60 அடி நேரம் நான்கையும் உடனே நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் காரிலேயே வையுங்கள்.