எலாஸ்டிக் நூலில் சுருக்குத் தையல்: ஒரு குழந்தைக் கவுனைத் தைத்தே பழகுவோம்

என்ன இது?

குழந்தைகளின் கவுனில் மார்புப் பகுதி வரிவரியாகச் சுருங்கியிருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தையல்தான் இது. கடைகளில் ஸ்மாக்கிங் என்றும் சொல்வார்கள். மேலே சாதாரண நூல், கீழே பாபினில் எலாஸ்டிக் நூல், அவ்வளவுதான். நேர்த்தையல் போடும் மெஷின் எதுவானாலும் சரி. ஜிப், கொக்கி, பட்டன் எதுவும் வைக்க வேண்டியதில்லை என்பதால், புதிதாகப் பழக இதைவிட நல்ல உடுப்பு கிடையாது.

என்ன வேண்டும், எவ்வளவு?

துணி மெல்லியதாக இருக்க வேண்டும். காட்டன் வாயில், மல்மல், மெல்லிய ரேயான் எல்லாம் அழகாகச் சுருங்கும். கனமான துணியை எலாஸ்டிக் நூலால் இழுக்க முடியாது.

அகலம், மார்புச் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கு. குழந்தையின் மார்பு 21 அங்குலம் என்றால் 42 அங்குலம், தையலுக்கு 2. கடையில் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலத்தில்தான் வரும். அகலத்தில் கத்தரி வைக்கவே வேண்டாம். சின்னக் குழந்தைக்கு முக்கால் மீட்டர் வாங்கினால் தோள்பட்டைக்கும் மிஞ்சும். புதுத்துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுவோம்.

செலவில் பெரும்பங்கு துணிக்குத்தான். எலாஸ்டிக் நூல் விலை சொற்பம். டெய்லரிங் சாமான் கடையில் வெள்ளை, கறுப்பு இரண்டும் வாங்கிக்கொள்வோம். உள்பக்கம்தான் இருக்கும் என்பதால் நிறம் பார்க்கத் தேவையில்லை.

பாபின் சுற்றுவது எப்படி?

கையால்தான். மெஷினில் சுற்றினால் நூல் இழுபட்டு, சுருங்கும் சக்தி பாபினிலேயே தீர்ந்துவிடும். இழுக்காமல், தொய்யவும் விடாமல் ஒரே சீராகச் சுற்றுவோம். எலாஸ்டிக் நூல் தடிமன் என்பதால் பாபின் சட்டென்று காலியாகும்; மூன்று நான்கு பாபின்களைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வெட்டுத்துணியில்

தையல் நீளத்தை 4-இல் வைத்து, துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி மூன்று வரி ஓட்டிப் பார்ப்போம். முதல் வரியில் லேசாகத்தான் சுருங்கும். பதறவேண்டாம், வரி கூடக்கூட இறுகும்.

மூன்றாவது வரியிலும் சுருங்கவில்லையா? துணியைத் திருப்பிப் பாருங்கள். எலாஸ்டிக் தொளதொளவென்று வளையம் வளையமாகக் கிடந்தால் பாபின் கேஸ் அதைப் பிடிக்கவில்லை. கேஸில் உள்ள சின்னத் திருகாணியை வலப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, மறுபடி ஓட்டுவோம். இந்த வேலைக்கென்று தனி கேஸ் ஒன்று வைத்துக்கொள்வதே என் கட்சி; தினசரித் தையலுக்கான டென்ஷன் கெடாது.

இனி கவுன்

மேல் விளிம்பை முதலில் மடித்து அடித்துவிட வேண்டும். சுருங்கிய பிறகு அது நடக்காது. அதற்குக் கீழே சாக்கால் ஒரே ஒரு கோடு. அடுத்தடுத்த வரிகளுக்குக் கோடு தேவையில்லை, பிரஷர் ஃபுட்டின் ஓரம் முந்தைய வரியைத் தொட்டபடி போனால் போதும். பன்னிரண்டு வரி போட்டால் ஏறக்குறைய மூன்று அங்குலம் வரும்.

இரண்டாம் வரியிலிருந்து ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். சுருங்கிய துணியைத் தட்டையாக விரித்துப் பிடித்தபடியே தைக்க வேண்டும். கை விரித்துப் பிடிக்க மட்டும்தான். துணியைத் தள்ளுவது மெஷினின் வேலை. இழுத்தால் ஊசி வளையும்.

ஒவ்வொரு வரியின் இரு முனையிலும் நான்கு விரல்கடை நூல் விட்டு வெட்டி, மேல்நூலையும் எலாஸ்டிக்கையும் சேர்த்து முடிச்சுப் போடுவோம்.

ஆவி காட்டுதல்

பலர் விட்டுவிடும் படி இது. உள்பக்கம் மேலே வரும்படி விரித்துத் தண்ணீர் தெளித்து, சூடான அயர்ன் பாக்ஸைத் துணியில் படாமல் சற்று உயரத்தில் காட்டுங்கள். கண்ணெதிரே வரிகள் சுருண்டு நெருங்கும். பெட்டியை மேலே வைத்து அழுத்தினால் ரப்பர் கெட்டுவிடும்.

முடிப்பது

இரு கரைகளையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, வரிகள் நேருக்கு நேர் பொருந்துகிறதா என்று பார்த்து, பின்பக்கத் தையல் போடுவோம். பாபினில் சாதாரண நூலை மாற்ற மறக்கக் கூடாது. எலாஸ்டிக் முனைகள்மேல் இரண்டு முறை ஓட்டினால் பிரிந்து வராது. கரை இருப்பதால் ஓவர்லாக் செலவும் இல்லை.

தோள்பட்டையைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தே அளவெடுங்கள். கீழ் மடிப்பு கடைசியில்தான். பட்டை வைத்த பிறகு கவுன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடிப்போம்.