சிறுநீரகக் கல்: இணையத் தேடலும் சிகிச்சையும் – முக்கியக் குறிப்புகள்

தேடல் அளவீடு

• கூகுள் ட்ரெண்ட்ஸ் தொடக்கம்: மே 2006.
• அளவுகோல்: 0 முதல் 100 வரை. 100 – தேர்ந்தெடுத்த காலம், இடத்தில் அச்சொல்லின் தேடல் உச்சம். 50 – உச்சத்தில் பாதி. 0 – போதிய தரவின்மை; தேடலே நிகழவில்லை என்று பொருளன்று.
• காட்டுவது சார்பு அளவு மட்டுமே, தேடியோர் எண்ணிக்கையன்று. மிகுதியாகக் குழம்பும் இடம் இதுவே.
• இணையத் தகவல் வழி மக்கள் உடல்நலத்தை ஆராயும் துறை: இன்ஃபோடெமியாலஜி. சொல்லை உருவாக்கியவர்: குந்தர் ஐசன்பாக், 2002.
• கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்: 2008–2015. 2012–13 பருவத்தில் நோயாளர் அளவு மிகை மதிப்பீடு. தேடல் வேறு, நோய் வேறு என்பதற்கான நிலையான எடுத்துக்காட்டு.
• சிறுநீரகக் கல்: அமெரிக்கத் தேடல் தரவில் கோடையில் ஏற்றம், குளிர்காலத்தில் இறக்கம். நோய்வரவும் அதே திசை.
• காரணம்: வெப்பம் → வியர்வை → சிறுநீர் அளவு குறைவு → உப்புச் செறிவு → படிகம்.
• 'கல் மண்டலம்' (கல் நோய் மிகுந்த பகுதி): அமெரிக்காவில் தென்கிழக்கு மாநிலங்கள், இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா.

கல் வகைகள்

• கால்சியம் ஆக்சலேட்: மிகப் பரவலான வகை. ஒற்றை நீரேறி – வீவெலைட். இரட்டை நீரேறி – வெடெலைட்.
• ஸ்ட்ரூவைட்: மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். தொற்றுக் கல். யூரியேஸ் நொதி சுரக்கும் புரோட்டியஸ் போன்ற பாக்டீரியா காரணம். மான்கொம்புக் கல்லின் (சிறுநீரகத்துள் கிளைத்துப் பரவும் கல்) முதன்மை வகை.
• யூரிக் அமிலம்: அமிலச் சிறுநீரில் தோற்றம். சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாது, சிடி ஸ்கேனில் தெரியும். மருந்தால் கரைக்கத்தக்க வகை. கண்டறிந்தவர்: ஷீலே, 1776.
• சிஸ்டின்: மரபுவழி, அரிது. கண்டறிந்தவர்: வொல்லாஸ்டன், 1810, சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து.
• இண்டினாவிர் (எச்.ஐ.வி. மருந்து) கல்: சிடியிலும் தெரியாது.

சிகிச்சை வரலாறு

• சுஸ்ருத சம்ஹிதை: கல் நோய்க்குப் பெயர் 'அஷ்மரி'; அறுத்தெடுக்கும் முறை விளக்கம்.
• ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி: கல்லுக்காக அறுத்தலுக்குத் தடை.
• 1824: ழான் சிவியால், பாரிஸ். சிறுநீர்ப் புறவழி வழியே கருவி செலுத்திச் சிறுநீர்ப்பைக் கல் உடைப்பு. அறுவையற்ற முறையின் முதல் வெற்றி.
• 1912: ஹியூ ஹாம்ப்டன் யங். சிறுநீர்க்குழாய்க்குள் முதல் அகநோக்கி.
• 1976: ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன், ஸ்வீடன். முதுகுத் தோல் வழித் துளையில் கல் நீக்கம், இன்றைய பி.சி.என்.எல்.
• 7 பிப்ரவரி 1980: கிறிஸ்டியன் ஷௌசி குழு, மியூனிக். மனிதரில் முதல் அதிர்வலைச் சிகிச்சை (இ.எஸ்.டபிள்யு.எல்.). கருவி: டோர்னியர் எச்.எம்.1. டோர்னியர் அப்போது ஒரு ஜெர்மன் விமான நிறுவனம். தொடக்கம், அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதல் ஆய்வு. இப்பட்டியலில் மறக்கக்கூடாத ஒரே வரி.
• அமெரிக்க ஒப்புதல்: 1984, எச்.எம்.3. நோயாளி நீர்த்தொட்டியில்.
• லேசர் அலைநீளம்: ஹோல்மியம் 2,100 நா.மீ.; தூலியம் இழை 1,940 நா.மீ.

அளவும் சிகிச்சையும்

• 5 மி.மீ. வரை: பெரும்பாலும் தானே வெளியேற்றம்.
• 5–10 மி.மீ., சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதி: டாம்சுலோசின். செயல்: குழாய்த் தசைத் தளர்வு.
• சிறுநீரகத்தில் 2 செ.மீ.க்குள்: அதிர்வலை அல்லது வளையும் அகநோக்கி வழி லேசர் (ஆர்.ஐ.ஆர்.எஸ்.).
• 2 செ.மீ.க்கு மேல், மான்கொம்புக் கல்: பி.சி.என்.எல்.
• அதிர்வலைக்குத் தடை: கர்ப்பம், கட்டுப்படாத இரத்தப்போக்கு நோய்.
• அடைப்புடன் காய்ச்சல்: அவசரநிலை. முதலில் ஸ்டென்ட் அல்லது துளைக்குழாய் வழிச் சிறுநீர் வடிப்பு. கல் நீக்கம் பின்னரே. வரிசை முக்கியம்.

தேடலில் வரும் கைமருந்துகள்

• சித்த மருத்துவத்தில் நோய்ப்பெயர்: கல்லடைப்பு.
• வழக்கில்: வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் (ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்), சிறுகண்பீளை (ஏர்வா லனாட்டா – பொங்கல் காப்புக்கட்டில் இடம்பெறும் பூ).
• கீழாநெல்லி இனம்: தமிழகத்தில் மஞ்சள் காமாலைக்கு, பிரேசிலில் கல்லுக்கு.
• பெரிய அளவிலான மருத்துவச் சோதனைச் சான்று: குறைவு. பெருங்கல்லை உடைத்ததாக நிறுவப்பட்ட மூலிகை: இல்லை.
• பீர்: சிறுநீர்ப் பெருக்கம் உண்மை, பியூரின் வழி யூரிக் அமில ஏற்றமும் உண்மை. மருந்தன்று.
• வைட்டமின் சி மாத்திரை, மிகை அளவு: உடலில் ஆக்சலேட்டாக மாற்றம்.

தடுப்பு

• இலக்கு: நாளொன்றுக்கு சுமார் 2.5 லிட்டர் சிறுநீர். குடிக்கும் நீரின் அளவன்று, வெளியேறும் அளவு.
• உணவுக் கால்சியக் குறைப்பு: தவறு. குடலில் ஆக்சலேட்டைப் பிணைப்பது கால்சியம்.
• சான்று: போர்கி ஆய்வு, இத்தாலி, 2002, 120 ஆண்கள், 5 ஆண்டுகள். இயல்பான கால்சியம், குறைந்த உப்பு, குறைந்த இறைச்சிப் புரதம் – மீள்வரவு குறைவு.
• பொட்டாசியம் சிட்ரேட்: சிறுநீரின் காரத்தன்மை உயர்வு; யூரிக் அமிலக் கல் கரைப்பு.
• ஹைட்ரோகுளோரோதையசைடு (சிறுநீர்ப்பெருக்கி மருந்து): நோஸ்டோன் சோதனை, 2023, 416 பேர். மீள்வரவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை.
• லூமாசிரான்: முதல்நிலை ஹைப்பராக்சலூரியா (ஆக்சலேட் மிகையாகும் மரபு நோய்) வகை 1-க்கான ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்து, அமெரிக்க ஒப்புதல் 2020.

சாதனை

• உலகின் பெரிய சிறுநீரகக் கல்: 1 ஜூன் 2023, கொழும்பு இராணுவ மருத்துவமனை, இலங்கை. நீளம் 13.372 செ.மீ.; எடை 801 கிராம். இரண்டும் கின்னஸ் பதிவு.
• முந்தையவை: நீளம் 13 செ.மீ. – இந்தியா, 2004. எடை 620 கிராம் – பாகிஸ்தான், 2008.