படிப்பை விடப்போகும் பிள்ளைக்கு ஒரு புலமைப்பரிசில்: கண்டிப் பக்கத்தில் நடத்த விரும்புவோருக்கு

கண்டிப் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுக்க ஆளில்லாமல் இல்லை. நகரத்துக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய மாணவர் சங்கங்கள், விடுமுறைக்கு ஊர் வரும் கனடா உறவினர் என்று பலரும் கொடுக்கிறார்கள். கோளாறு கொடுக்கும் விதத்தில்தான். வருடத்துக்கு ஒரு விழா வைத்து, பொன்னாடை போர்த்தி, ஐந்தாம் தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்களுக்கு ஒரு பையும் பத்துக் கொப்பியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். மேடையேறிய பிள்ளை எப்படியும் படிக்கும். மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைதான் பதினோராம் தரத்தில் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறது. அந்த இரண்டாவது பிள்ளையை வகுப்பில் நிறுத்திவைக்க நினைக்கும் சிறு குழுவுக்கானது இந்த வழிகாட்டி. நாலைந்து பேர் சேர்ந்தால் போதும், பெரிய நிதியம் வேண்டியதில்லை.

எந்த இடத்தில் உதிர்கிறார்கள் என்று பாருங்கள்

இலங்கையில் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். 2016இல்தான் அது 14இலிருந்து 16 ஆனது. சட்டம் இருந்தும் தோட்டப் பகுதியில் பிள்ளைகள் நிற்கும் இடங்கள் மூன்று. லயத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடித்து, ஆறாம் தரத்துக்குத் தூரம் போகவேண்டிய கட்டம் ஒன்று. பத்தாம், பதினோராம் தரங்கள் இன்னொன்று. மூன்றாவதைத்தான் வெளியிலிருப்பவர்கள் கவனிப்பதில்லை: சாதாரண தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, உயர்தர வகுப்புத் தொடங்கும்வரை உள்ள மாதங்கள். "சும்மா ரெண்டு மாசம்" என்று துணிக்கடைக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போகும் பிள்ளை, நல்ல பெறுபேறு வந்தாலும் திரும்புவது கஷ்டம். அதற்குள் கையில் சம்பளம் பழகிவிடும், வீடும் அந்தக் காசைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடும். ஐந்து பிள்ளைகளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்த ஐந்தையும் இந்த மூன்றாவது இடத்தில் போடுங்கள் என்பேன்.

உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் படிக்க நினைக்கும் பிள்ளைக்குச் சிக்கல் இன்னும் கூடும். அந்தப் பிரிவுகள் தமிழ்மொழி மூலம் உள்ள பாடசாலைகள் மாவட்டத்தில் சிலவே. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் இருக்கும் பிள்ளைக்கு நகரம் வந்துபோவதே அரைநாள் வேலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத்துக்கென்று முதன்முதலில் தேயிலை நட்ட லூல்கந்துர அந்தப் பக்கம்தான். அந்த மலைத் தேயிலைக்கு லண்டன் வரை வழி கிடைத்தது. ஏழரை மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குத்தான் பஸ் கிடைப்பதில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகள் வந்தன. இன்றைய பின்தங்கலில் ஒரு பங்கு அந்த முப்பது வருடத்தின் மிச்சம்.

நகரத்துக்குள்ளும் தேடுங்கள். மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் மகியாவையைத் தோட்டம் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. தோட்டப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் நிதிகளும் அங்கே எட்டுவதில்லை.

அரசு கொடுப்பதை முதலில் எடுத்துக் கொடுங்கள்

உங்கள் பணத்தை எடுக்குமுன் ஏற்கெனவே இருக்கும் பணத்தை அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் உதவிப்பணம் நாடு முழுவதும் ஏறக்குறைய 20,000 பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. வெட்டுப்புள்ளியோடு குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். மாதம் 750 ரூபாயாக இருந்த இந்தப் பணம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ரூபாயானது. வருமானம் குறைந்த குடும்பத்து உயர்தர மாணவர்களுக்குச் சிப்தொர புலமைப்பரிசில் இருக்கிறது. ஜனாதிபதி நிதியமும் உயர்தரப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. அந்த நிதியத்தின் அலுவல்களை 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று 1946இலேயே தொடங்கிய கல்வி நிதியம் ஒன்றும் உண்டு. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. கண்டியில் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருப்பதால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. எண்பது வருடப் பழமையான இந்த நிதியத்தைப் பற்றிக் கேள்விப்படாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அறிவித்தல் பத்திரிகையில் வரும், லயத்துக்குப் பத்திரிகை வராது. உங்கள் குழுவில் ஒருவரின் முழு வேலையே இதுவாக இருக்கட்டும்: அறிவித்தல்களைப் பார்ப்பது, விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, முடிவுத் திகதிக்கு முன் பதிவுத் தபாலில் போடுவது. ஒரு சதமும் கொடுக்காமல் பல பிள்ளைகளுக்கு உதவிய கணக்கு வரும்.

பிள்ளையைத் தெரிவுசெய்வது

கண்டி மாவட்டத்தில் கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, தெல்தெனிய என்று ஆறு கல்வி வலயங்கள். எல்லாவற்றிலும் கால் வைக்காதீர்கள். ஒரு வலயம், அதில் இரண்டு மூன்று பாடசாலைகள் போதும். அதிபரிடம் அனுமதி எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். "கெட்டிக்காரப் பிள்ளை யார்?" என்று கேட்டால் விழா மேடைப் பட்டியல்தான் கிடைக்கும். "அடிக்கடி வராமல் நிற்கிற பிள்ளை யார்?" என்று கேளுங்கள். வரவுப் பதிவேட்டைச் சேர்ந்து பாருங்கள். தோட்டத்தில் சம்பளம் பெரும்பாலும் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு முந்திய நாட்களில் மட்டும் வராத பிள்ளை என்றால் காரணம் பஸ் காசு. வாரம் முழுவதும் விட்டுவிட்டு வராத பிள்ளை வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது, அல்லது எங்கோ வேலைக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

பத்திரங்களைக் குறைத்துக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ் பிரதி, அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதி, தோட்டக் குடும்பமென்றால் சம்பளச் சீட்டு. அந்தச் சீட்டை வாசிக்கத் தெரியவேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது என்பதை வைத்து மாதத்துக்கு முப்பது நாள் பெருக்கிப் பார்த்து "இவர்களுக்கு வசதிதானே" என்பவர்களை நானே கண்டிருக்கிறேன். வேலை எல்லா நாளும் கிடைக்காது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கடன் எல்லாம் கழிந்து கடைசி வரியில் நிற்கும் தொகையைப் பாருங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போவதென்றால் இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வறுமையை அளக்க வந்த பரிசோதகர் போல அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு, எப்படி

தொகையை உங்கள் வசதியிலிருந்து தொடங்காமல் பிள்ளையின் மாதச் செலவிலிருந்து தொடங்கிக் கணக்கிடுங்கள். பிள்ளையையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்: பஸ், டியூசன், கொப்பி, போட்டோ பிரதி, சப்பாத்து, மழைக்காலத்துக்குக் குடை, போன் டேட்டா, மாதவிடாய்க்கால அணையாடை. கடைசியில் சொன்னதை யாரும் பட்டியலில் எழுதச் சொல்லமாட்டார்கள், நீங்களே எழுதுங்கள். பஸ்ஸுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் சீசன் மலிவானது. ஆனால் அது சபை பஸ்ஸுக்கு மட்டும்தான். தனியார் பஸ் மட்டும் ஓடும் பாதையிலும், தோட்டத்துக்குள் ஆட்டோ பிடிக்கவேண்டிய இடத்திலும் சீசன் வெறும் காகிதம். ஆகவே ஒரே தோட்டத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான தொகை வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேல் வகுப்புக்குப் போகப் போகத் தொகை கூடவேண்டும். மெக்சிகோ 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில் இப்படித்தான் செய்தார்கள். தரம் ஏற ஏறப் பணமும் ஏறியது, இடைநிலை வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம் கொடுத்தார்கள், பணம் தாயின் கைக்குப் போனது. பிள்ளை வளர வளர வெளியில் கிடைக்கும் சம்பளமும் வளர்கிறது என்பதுதான் அதிலுள்ள கணக்கு. நம்மூர்த் தர்மங்கள் பெரும்பாலும் தலைகீழ். சின்ன வகுப்புக்குப் பையும் பொம்மையும் உண்டு, உயர்தரத்துக்கு ஒன்றுமில்லை.

பணத்தை மாதாமாதம், முதல் வாரத்துக்குள் வங்கி வழியாகப் போடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் அது கூரைத் தகரமாகவோ கடன் தவணையாகவோ மாறிவிடும். குறை சொல்லமுடியாது, அந்த வீட்டில் கூரையும் ஒழுகுகிறது. பிள்ளையின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்குத் திறந்து அதில் போடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து பதினெட்டு வயதுக்கு முன் நினைத்தபடி பணம் எடுக்க முடியாது. அம்மாவின் சாதாரணச் சேமிப்புக் கணக்கே நல்லது. அம்மா மத்திய கிழக்கில் வேலை என்றால் பிள்ளையை உண்மையில் பார்த்துக்கொள்ளும் அம்மாயியின் கணக்கு.

கடித முகவரியிலும் கவனம் வேண்டும். லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகச் சுற்றித்தான் வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்த கதை மலையகத்தில் புதிதல்ல. விண்ணப்பங்களில் பாடசாலை முகவரியைப் போட்டு, இரண்டு தொலைபேசி இலக்கம் கொடுங்கள். பத்திரங்களைப் போனில் படம் பிடித்துக் குழுவிடமும் ஒரு பிரதி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிவு வந்தபோது சான்றிதழ் எடுத்துக்கொண்டு ஓட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நிபந்தனை

ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: வரவு. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியாகத் தோற்ற 80 வீத வரவு எப்படியும் வேண்டும், அதையே உங்கள் அளவாக எடுத்துக்கொள்ளலாம். புள்ளியை நிபந்தனையாக்கினால் கணிதத்தில் தடுமாறும் பிள்ளை, பணம் தேவைப்படும் தவணையிலேயே அதை இழக்கும். வரவு குறைந்தால் பணத்தை நிறுத்துமுன் ஒருவர் போய் ஏன் என்று கேளுங்கள்.

பணம் கொடுப்பவருக்குப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் தேவையில்லை. தவணைக்கு ஒரு முறை பாடசாலை வழியாகச் செய்தி போனால் போதும். காசோலையோடு படம் எடுத்து முகநூலில் போடுவதை எழுத்திலேயே தடைசெய்யுங்கள். அதற்குச் சம்மதிக்காத கொடையாளியை இழந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்பம் நடப்பதாகத் தெரிந்தால் குழு கூடி ஆராய உட்காராமல் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.

பணத்தைவிடக் கிடைக்க அரிதான உதவி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஹந்தானை மலையின் ஒரு சரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம், இன்னொரு சரிவில் தேயிலையும் லயங்களும். லயத்திலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஓர் அண்ணனையோ அக்காவையோ பிடித்துக் கொடுத்து, அவர்கள் மாதத்துக்கொரு முறை வந்துபோகும் பஸ் காசை உங்கள் கணக்கில் எழுதுங்கள். எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்விக்கு அதிபரைவிட அவர்கள் சொல்வதைப் பிள்ளை கேட்கும்.

எதுவரை

ஒரு பிள்ளையை எடுத்தால் அதன் உயர்தரம் முடியும்வரை உள்ள பணம் கையில் இருக்கவேண்டும், அல்லது எழுத்தில் வாக்குறுதியாக இருக்கவேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு வருடம் கொடுப்பதைவிட மூன்று பிள்ளைக்கு மூன்று வருடம் கொடுங்கள். பரீட்சை முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகம் தொடங்க நீண்ட காலம் போகும். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது உண்மைதான். ஆனால் பிள்ளை விடுதிக்குள் காலடி வைக்கும் நாளிலேயே அது கைக்கு வந்துவிடாது. மெத்தை, வாளி, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் அதற்கு முன் வாங்கியாகவேண்டும். அந்தச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டே அடுத்த பிள்ளையைத் தேடுங்கள்.