ஸ்பிரே பார்: பைப்பை விடத் துளைதான் முக்கியம்

விடியற்காலையில் தொட்டி விளக்கைப் போடுவதற்கு முன் மீன்களைப் பாருங்கள். எல்லாம் மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அமோனியா ஏறினாலும் மீன்கள் இப்படித்தான் செய்யும்; முதலில் அதை டெஸ்ட் கிட்டில் பார்த்துவிடுங்கள். அமோனியா இல்லை, ஃபில்டரும் ஓடுகிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் மீன் மேலேயே நிற்கிறது என்றால் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் நீர்ப்பரப்பு.

சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்து வைக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆக இறங்கிவிடும். கத்திரி வெயில் நாட்களில் சென்னையிலோ மதுரையிலோ ஏ.சி. இல்லாத அறையில் இருக்கும் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் மீனின் உடல் ஆக்சிஜனைக் கூடுதலாகக் கேட்கும். செடி வைத்த தொட்டியில் இரவு முழுக்கச் செடிகளும் சேர்ந்து சுவாசிக்கும். இத்தனைக்கும் ஆக்சிஜன் உள்ளே வரும் பிரதான வழி நீர்ப்பரப்பு ஒன்றுதான். ஏர் பம்ப்பின் குமிழிகள் செய்யும் உதவியில் பெரும்பகுதியும், அவை மேலே வந்து உடைந்து பரப்பைக் கலக்குவதால் கிடைப்பதே.

ஃபில்டரின் வெளியேற்றுக் குழாய் ஒற்றை வாயாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் பாயும். மறுகோடியில் பரப்பு அசையாமல் கிடந்து, எண்ணெய் போன்ற ஆடை படியும். அந்த ஒற்றை வாயை ஒரு நீளமான துளைக்குழாயாக மாற்றினால் அதே தண்ணீர், அதே கரண்ட் செலவில், தொட்டியின் நீளம் முழுக்கப் பரப்பை அசைக்கும். இதுதான் ஸ்பிரே பார். கேனிஸ்டர் ஃபில்டர்கள் பலவற்றோடு ஒன்று கூடவே வரும். பெரும்பாலும் அது உங்கள் தொட்டியின் நீளத்துக்குப் பொருந்தாது. வீட்டிலேயே செய்வது ஒரு மாலை வேலைதான். பைப்பை வெட்ட யாருக்கும் வரும். கடைச் சரக்குக்கும் வீட்டுச் சரக்குக்கும் வித்தியாசம் வருவது துளைகளின் அளவிலும் எண்ணிக்கையிலும். அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பைப். குடிநீர் இணைப்புக்கான பைப்பை மட்டும் வாங்குங்கள். பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 4985, சி.பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 15778 என்று பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒயரிங் வேலைக்கான பைப் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். அது தண்ணீருக்காகச் செய்யப்பட்டதல்ல. என் தேர்வு அரை இன்ச் சி.பி.வி.சி. அதன் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். நடுத்தர, பெரிய கேனிஸ்டர்களில் வரும் 16/22 ஹோஸின் உள்விட்டமும் 16. ஹோஸ் நுனியைச் சில நொடிகள் வெந்நீரில் நனைத்துத் தள்ளினால் தனிக் கனெக்டர் எதுவும் இல்லாமல் இறுக்கமாக ஏறிக்கொள்ளும். 12/16 ஹோஸ் என்றால் ஒரு ரெடியூசரும் ஹோஸ் நிப்பிளும் வேண்டும். இரண்டும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். பித்தளையில் இருக்கும் செம்பு தண்ணீரில் மெல்லக் கசியும். இறால், நத்தை வளர்க்கிறவர்களுக்கு அது பேராபத்து.

பாரின் நீளம் தொட்டி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். மூன்றடித் தொட்டிக்கு இரண்டடி பைப், ஒரு எண்ட் கேப், தேவைப்பட்டால் ஒரு எல்போ, கண்ணாடியில் ஒட்டும் சக்ஷன் கப் இரண்டு மூன்று, அவற்றோடு பைப்பைக் கட்டக் கேபிள் டை. சாமான் இவ்வளவுதான்.

இப்போது துளைக்கு வருவோம். துளைகளின் மொத்தப் பரப்பு, பைப்பின் உட்பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பைப்புக்குள் அழுத்தம் நிற்காது. சில துளைகளில் தண்ணீர் பீறிடும், சிலவற்றில் வழியும். பரப்பைக் கணக்கிடப் 'பை' எல்லாம் தேவையில்லை. பைப்பின் உள்விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். கிடைப்பதுதான் துளைகளின் உச்ச எண்ணிக்கை. அரை இன்ச் சி.பி.வி.சி.யின் உள்விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் துளை என்றால் 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. நாலு நாலு பதினாறு. பதினாறு துளைகள். 4 மில்லிமீட்டர் பிட் என்றால் ஒன்பது. ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கே எண்ணிக்கை பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது பாருங்கள். பிட்டின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டுத் துளைப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

60 சென்டிமீட்டர் பைப்பில் இரு கோடியிலும் 3 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, 3.6 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறித்தால் பதினாறு துளைகளும் சரியாக உட்காரும். ஆனால் முதலில் அத்தனையையும் போடாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, பிறகு இடையில் கூட்டிக்கொண்டே போங்கள். போட்ட துளையை அடைக்க நல்ல வழி கிடையாது.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு விஷயம் பலரைக் குழப்பும். ஹோஸ் பக்கத்துத் துளைகளில்தான் வேகம் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பல நேரம் மூடிய கோடியில்தான் தாரை பலமாக வரும். நுழைவாயருகே தண்ணீர் பைப்பின் நீளவாக்கில் வேகமாக ஓடுவதால் பக்கத் துளைகளைத் தள்ளும் அழுத்தம் அங்கே குறைவு. கடைசிக்குப் போகப் போக ஓட்டம் தணிந்து, அந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. இதைப் பார்த்துவிட்டு முன் துளைகளைப் பெரிதாக்கத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் மொத்தப் பரப்பு கூடி நிலைமை மோசமாகலாம். துளைகளின் மொத்தப் பரப்பைக் குறைத்தால் தாரைகள் தாமாகவே சமமாகும். நாலடி, அதற்கு மேற்பட்ட தொட்டிக்கு நடுவில் ஒரு 'டீ' வைத்து அங்கிருந்து இரு பக்கமும் தண்ணீர் விடுவதே சிறந்தது.

துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உருண்டைப் பைப்பில் ஸ்கேலை வைத்தால் நழுவும். ஓர் இரும்பு ஆங்கிளின் உள்மூலையில் பைப்பைக் கிடத்தி, ஆங்கிளின் விளிம்பை ஒட்டி மார்க்கரை இழுத்தால் கோடு பிசகாது. குறித்த இடத்தில் ஆணி முனையால் சிறு பள்ளம் போட்டுவிட்டு, டிரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு சுவர்தான் துளைக்கப்பட வேண்டும். பிட் எதிர்ச்சுவரையும் தாண்டினால் அந்தப் பைப் வீண். டிரில் இல்லை என்று கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கருகும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. துளையின் விளிம்பும் உருகிப் பிதுங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாக நிற்கும். பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் துளைத்துத் தருவார். துளைத்து முடிந்ததும் பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டுப் பிசிறுகளை நீக்கி, குழாயடியில் நன்றாக அலசுங்கள்.

சொல்யூஷன் போட்டு எதையும் ஒட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எண்ட் கேப்பைக் கையால் அழுத்தினாலே நிற்கும். அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் தொட்டிக்குள்ளேதானே கசிகிறது? ஒட்டாமல் விட்டால் மாதமொருமுறை கழற்றி பிரஷ் போடலாம், துளைகளின் கோணத்தையும் திருப்பிக்கொள்ளலாம். இப்படி ஒட்டாமல் விடுவதால் ஒரு கண்டிப்பான விதி: நீங்கள் செய்யும் எந்த இணைப்பும் தொட்டிக்கு வெளியே இருக்கக் கூடாது. ஹோஸ் முழுசாக, இடையில் வெட்டோ ஒட்டோ இல்லாமல் தொட்டி விளிம்பைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் பைப்பைச் சந்திக்க வேண்டும். வெளியே ஒரு இணைப்பு கழன்றால் மொத்தத் தண்ணீரும் கூடத்தில் நிற்கும்.

பொருத்தும் இடம் பின் கண்ணாடி, நீர்மட்டத்துக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கீழே. துளைகள் முன் கண்ணாடியைப் பார்த்து, சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். பரப்பு முழுக்க அலை ஓட வேண்டும், தெறிக்கக் கூடாது. தெறித்தால் சத்தம், வேகமாக வற்றும் தண்ணீர், மேலே இருக்கும் விளக்குக்கும் ஆபத்து. கோடையில் நாலைந்து நாளிலேயே நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கிவிடுவதால், அவ்வப்போது தண்ணீர் சேர்த்து மட்டத்தைக் காக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் செடி வளர்க்கிறவர்கள் துளைகளைக் கிடைமட்டமாகவோ சற்றுக் கீழாகவோ திருப்பிக்கொள்ளுங்கள். பரப்பு அதிகம் கலங்கினால் செலுத்திய வாயு வெளியே போய்விடும். ஃபைட்டர், குராமி, நீண்ட துடுப்புள்ள கோல்டு ஃபிஷ் இருந்தால் தாரைகளைப் பின் கண்ணாடியை நோக்கித் திருப்பி வேகத்தை உடைக்கலாம். ஒற்றை ஃபைட்டர் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஸ்பிரே பாரே வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

ஃபில்டர் திணறுகிறதா என்று அறிய ஒரு பக்கெட் போதும். பார் இல்லாமல் ஹோஸை நேராக விட்டு 10 லிட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதே உயரத்தில் பாரை மாட்டிப் பாருங்கள். நேரம் கால் பங்கு கூடினால் கவலையில்லை. இரண்டு மடங்கானால் இன்னும் சில துளைகள் தேவை. மாதங்கள் கழித்துத் தாரைகள் தளர்ந்தால் துளையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டால் இது வெகுவாகக் குறையும்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே தனி ஃபில்டர் தொட்டி, வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கேனிஸ்டர் மூடிய அமைப்பு. கரண்ட் போனால் தண்ணீர் அப்படியே நிற்கும். சம்ப்பில் அப்படியல்ல. பம்ப் நின்றதும் ஸ்பிரே பார் வழியாகவே தொட்டித் தண்ணீர் சைஃபனாகத் திரும்பி இறங்கும், பாரின் துளைகள் காற்றைத் தொடும்வரை நிற்காது. நாலடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 5.4 லிட்டர். பார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் சம்ப்பில் வந்து விழும். எனவே பார் மேலேயே இருக்கட்டும். கூடவே, மேலிருந்து இறங்கும் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அது காற்றை இழுத்து சைஃபனை முறித்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

தண்ணீரில் கை வைக்கும் முன் ஃபில்டர், ஹீட்டர், விளக்கு என எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வேலை முடிந்து தொட்டி ஓடத் தொடங்கியதும், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை ஸ்விட்சை அணைத்துப் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். எங்கே மட்டம் ஏறுகிறது, எங்கே கசிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியூர் கிளம்பாதீர்கள்.