பையில் ஒரு செல்லப் பொருளுக்கு இடம்

இமயமலையில் ஒரு வாரம் நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மூச்சு வாங்குமா, முட்டி தாங்குமா, பனியில் வழுக்குமா என்று கேட்கிறார்கள். ஹம்ப்டா கணவாய், காஷ்மீர் ஏரிகள், கோய்ச்சா லா என்று எங்கே போனாலும் ஒரு நாளில் நடப்பது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். மிச்சப் பொழுது முழுவதும் கேம்ப்பில்தான் கழிகிறது. மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கூடாரத்துக்கு வந்துவிடுவோம். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் ஏறும். சிக்னல் இருக்காது. சாப்பாடு வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மலை வேண்டாம் என்று திரும்புகிறவர்களில் பலருக்கு ஏற்றம் அலுப்பதில்லை. இந்தப் பொழுதுதான் அலுத்துப்போகிறது.

அதனால், அவசியப் பட்டியலில் இல்லாவிட்டாலும் உடம்புக்கோ மனசுக்கோ இதம் தரும் ஒரு செல்லப் பொருளைப் பையில் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. எதை, எவ்வளவு எடையில், யார் முதுகில் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊரிலேயே பதில் தேடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தராசு

ஐந்து கிலோ வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். பையில் போகப்போகும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். தின்பண்டம், தண்ணீர், எரிபொருள் மூன்றையும் சேர்க்காதீர்கள். அவை நாளுக்கு நாள் மாறும். மற்றவற்றின் கூட்டுத்தொகைதான் அடிப்படை எடை. கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் சாப்பாடும் ஏற்பாட்டாளர்களே தரும் ட்ரெக்கில், தண்ணீரோடு சேர்த்து எட்டிலிருந்து பத்து கிலோவுக்குள் பையை முடித்துவிடலாம். எல்லாவற்றையும் நீங்களே சுமப்பதென்றால் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ.

செல்லப் பொருளுக்கு நான் தரும் அதிகபட்ச இடம் அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். மூன்றாவது பேன்ட், முழு ஷாம்பு பாட்டில், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்ட இரண்டாவது துண்டு ஆகிய மூன்றை எடுத்தாலே பெரும்பாலும் கணக்குச் சரியாகிவிடும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் நீல் கேப் என்ற இடத்தில் ஒரு மலையேற்றக் கடை வருகிறது. அங்கே நடையர்களின் பைகளைக் கொட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்து ‘இது எதற்கு?’ என்று கேட்டு, வேண்டாததைப் பார்சலில் வீட்டுக்கு அனுப்ப வைப்பது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. அதே பாதையை 1955-இல், 67 வயதில் தனியாக நடந்து முடித்தவர் எம்மா கேட்வுட். அவர் தோளில் இருந்தது தானே தைத்த ஒரு துணிப்பை. மழைக்கு ஒரு குளியலறைத் திரை. அவரைப் பார்த்து நாமும் எல்லாவற்றையும் துறக்க வேண்டியதில்லை. எதெல்லாம் இல்லாமலும் நடக்க முடியும் என்று தெரிந்துகொண்டால் போதும்; வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும்.

உங்களுக்குத் தாங்காத வேளை எது?

கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கினால் எல்லாமே வேண்டும்போல்தான் இருக்கும். பொருளிலிருந்து தொடங்காமல், வேளையிலிருந்து தொடங்குங்கள். சிலருக்கு ராத்திரி தூக்கம் வராததுதான் பெரிய துன்பம். சிலருக்கு விடிகாலையில் ஸ்லீப்பிங் பேக்கைவிட்டு வெளியே வருவது. சிலருக்கு அந்த நீண்ட சாயங்காலம். சிலருக்கு மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு இறங்காது. முன்பு போன பயணம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ரயில் பயணமாக இருந்தாலும் சரி. எந்த வேளையில் எரிச்சல்பட்டீர்களோ, அந்த வேளைக்கான பொருள்தான் உங்களுக்கு வேண்டியது.

ராத்திரிக்கு

கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். குளிரில் தூக்கம் வராதவர்களுக்குச் சிறந்த செல்லப் பொருள் எடையே இல்லாதது. அவர்கள் தண்ணீர் குடிக்கும் பாட்டில்தான் அது. கெட்டியான, அகல வாய் கொண்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், படுக்கப்போகும் முன் சமையல் கூடாரத்தில் வெந்நீர் வாங்கிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்து, காலடியிலோ தொடைகளுக்கு நடுவிலோ வைத்துக்கொண்டால் தூக்கம் பிடிக்கும்வரை சூடு நிற்கும். காலையில் அதுவே உறையாத குடிநீர். கடையில் விற்கும் மினரல் வாட்டர் பாட்டில் வெந்நீரில் நெளிந்துவிடும். பிளாஸ்க்கும் உதவாது, அதன் சூடு வெளியே வராது.

தலையணை விஷயத்தில் எல்லாரும் சொல்லும் யோசனை, ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைப்பது. 3,000 மீட்டருக்குக் கீழே அது சரி. 4,000 மீட்டரில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவீர்கள். தலைக்கு ஒன்றும் மிஞ்சாது. கழுத்துவலிக்காரர்கள் 70, 80 கிராமில் கிடைக்கும் காற்றுத் தலையணையை வாங்கிவிடலாம். முக்கால் பங்கு மட்டும் ஊதுங்கள். முழுக்க ஊதினால் தலை உருண்டு விழும்.

கூடாரத்துக்கு வெளியே போட்டுக்கொள்ள ஒரு செருப்பும் இதில் சேரும். நாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த காலுக்கு அது பெரிய விடுதலை. நம் ஊர் ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். கட்டைவிரல் இடுக்கில் வார் வருவதால் கம்பளி சாக்ஸோடு நுழையாது. ராத்திரி ஒன்றுக்குப் போக சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. முன்பக்கம் மூடிய, பின்வார் உள்ள லேசான ரப்பர் செருப்பை வாங்குங்கள். ஓடையைக் கடக்கவும் அதுவே உதவும்.

காபியும் ஊறுகாயும்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தினமும் இரண்டு மூன்று வேளை காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். குமட்டலும் அசதியும் கூடவே வரலாம். உயர மலை நோயின் ஆரம்ப அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், அசதிதான். எது எதனால் வந்தது என்று கைடும் குழம்புவார், நீங்களும் குழம்புவீர்கள். ஆகவே தினசரி காபிக்காரருக்கு மலையிலும் காபி வேண்டும் என்பதை வெறும் நாக்கு ருசியாக நான் நினைக்கவில்லை. கேம்ப்பில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலான டீ.

சுலபமான வழி இன்ஸ்டன்ட் காபித்தூள் பொட்டலம். ஒரு பொட்டலம் இரண்டு கிராம்தான். பில்டர் காபிதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 4,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் சூடு ஏறாது. அந்தத் தண்ணீரைக் குளிரில் கிடந்த எவர்சில்வர் பில்டரில் ஊற்றினால், தூளில் படும்போதே இன்னும் ஆறியிருக்கும். டிக்காஷன் வெளிறிப்போய் இறங்கும். இதற்கு மாற்று உண்டு. பில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசிச் சூடாக்குங்கள். தூளை ஒரு கரண்டி கூடப் போடுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவையாக ஊற்றுங்கள். மூடி, மேலே கம்பளிக் குல்லாவைக் கவிழ்த்துவிட்டு, ஊரில் காத்திருப்பதைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள். ஒருவருக்கான சிறிய பில்டர் எடுத்தால் போதும். மேல் அடுக்குக்குள் தூள் பொட்டலத்தை அடைத்துவிட்டால் பையில் தனியாக இடம் கேட்காது. பாலுக்குப் பால்பவுடர்.

உயரம் கூடக்கூடப் பசி மந்தமாகும். பருப்பும் சப்பாத்தியும் நான்காம் நாள் முகத்தைத் திருப்ப வைக்கும். அப்போது ஐம்பது கிராம் எலுமிச்சை ஊறுகாய் ஒரு தட்டுச் சோற்றையே உள்ளே இறக்கிவிடும். பருப்புப்பொடியும் ரசப்பொடியும் இதே வேலையைச் செய்யும். வெந்நீரில் கரைத்த ரசம், தொண்டை வறண்டு கிடக்கும் சாயங்காலத்துக்கு மருந்து மாதிரி. ஆனால் ஊறுகாயை அடைப்பதில் கவனம் வேண்டும். சென்னையில் இறுக மூடிய டப்பாவுக்குள் கடல்மட்டக் காற்று அடைபட்டிருக்கிறது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருப்பது எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல் உப்புவதும் இதனால்தான். எண்ணெயை வடித்துவிட்டு, காற்று வெளியேற்றிய ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒருமுறை திறந்து மூடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் ஊறுகாய் எண்ணெய் பட்டால் மலையில் துவைக்க வழியில்லை.

மதுவை இதம் தரும் பொருளாக நினைத்து எடுத்துப்போகிறவர்களும் உண்டு. வேண்டாம். தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். உயர மலை நோயின் அறிகுறிகளையும் மறைத்துவிடும். தூக்க மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சாயங்காலத்துக்கு

பழைய யோகா மேட்டிலிருந்து உட்காரும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஈரப் புல்லிலும் பாறையிலும் பனியிலும் குளிர் ஏறாமல் உட்காரலாம். எடை சில பத்துக் கிராம்தான். பாதி வழி ஓய்விலும் கூடாரத்துக்குள்ளும் இதையே போட்டுக்கொள்ளலாம். மடக்கு நாற்காலி அரைக் கிலோ எடையில் கிடைக்கிறது. அதன் மெல்லிய கால்கள் புல்வெளியில் புதையும். சாப்பாட்டுக் கூடாரத்தில் ஸ்டூல் போடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டால் பலருக்கு நாற்காலி தேவைப்படாது. தரையில் சம்மணமிட முடியாத முட்டி உள்ளவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அந்த அரைக் கிலோ தகும்.

புத்தகம் என்றால் நாவலைவிடச் சிறுகதைத் தொகுப்பு நல்லது. உயரத்தில் கவனம் சீக்கிரம் சிதறும். ஒரு கதையோடு மூடி வைக்கலாம். மின்வாசிப்பான் எடுத்தால் ராத்திரி அதையும் போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள், குளிரில் பேட்டரி இறங்கிவிடும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு போனை முழுதாக ஒருமுறைதான் ஏற்றும் என்று நம்பலாம். அதற்கேற்பப் படம் பாருங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதியில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தாயக்கட்டை. எடை சொற்பம். கட்டத்தை ஒரு கைக்குட்டையில் மார்க்கர் பேனாவால் வரைந்துகொண்டால், காய்களுக்குக் கூழாங்கல் அங்கேயே கிடைக்கும். மொழி தெரியாத சமையல்காரரும் கைடும்கூடப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு விளையாட வந்துவிடுவார்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அது உங்கள் ஒருவருக்கு இதம். கேம்ப்பில் மற்ற எல்லாருக்கும் தொல்லை, காட்டு விலங்குக்கும் தொல்லை. பாட்டு கேட்க ஹெட்போன் இருக்கிறது.

யார் முதுகில்?

பல ட்ரெக்குகளில் பணம் கட்டினால் பையைக் கோவேறு கழுதையோ போர்ட்டரோ சுமந்து வரும் வசதி இருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மலைக் கிராமங்களில் அது பலருக்குப் பிழைப்பும்கூட. ஆனால் ‘எப்படியும் அவர்தானே தூக்குகிறார்’ என்று நாற்காலியையும் மூன்று புத்தகத்தையும் அந்தப் பைக்குள் திணிப்பது அநியாயம். கிளிமஞ்சாரோவில் ஒரு போர்ட்டர் பிறருக்காகச் சுமப்பது 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. நுழைவாயிலில் எடை போட்டுத்தான் அனுப்புகிறார்கள். எல்லா மலையிலும் அப்படி எடை போட ஆளில்லை. ஆகவே பெரிய பையைக் கொடுத்துவிட்டாலும், செல்லப் பொருள் உங்கள் சின்னப் பையில், உங்கள் தோளில் வரட்டும். தூக்கிக்கொண்டு ஏற மனமில்லை என்றால் அது உங்களுக்குத் தேவையில்லாத பொருள்.

கிளம்பும் முன்

முழுப் பையையும் கட்டி, செல்லப் பொருளையும் வைத்து, ஒரு வாரக் கடைசியில் பக்கத்து மலையிலோ அடுக்குமாடிப் படிக்கட்டிலோ இரண்டு மணி நேரம் ஏறி இறங்குங்கள். வீட்டு மொட்டைமாடியில் ஒரு ராத்திரி அந்தத் தலையணையில் படுத்துப் பாருங்கள். பில்டரில் கையுறையோடு காபி போட்டுப் பாருங்கள்; குளிரில் விரல் மரத்திருக்கும்போது மூடியைத் திறக்க முடியுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

திரும்பி வந்தபின், துணிகளைத் துவைக்கப் போடுவதற்கு முன், எழுதி வைத்த தாளை எடுத்து, மலையில் ஒருமுறைகூடத் தொடாத பொருள்களை அடித்துவிடுங்கள். அவை அடுத்த பயணத்துக்கு வரவேண்டாம். முதலுதவிப் பைக்கும் மழைக்கோட்டுக்கும் மட்டும் இந்த விதி பொருந்தாது. அவை தொடப்படாமலே திரும்பி வந்திருந்தாலும் அடுத்த முறையும் பையில் இருக்க வேண்டும்.